காலி எப்ப வரும்?

எத்தனை சோடா உடைத்தாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் புதிதாகச் சிரித்த என் மாப்ள காதருக்கு,

நீ மண்ணுக்குள் போய் இரண்டாவது ரம்சானும் வந்துவிட்டது. உலகச் சண்டை இன்னும் முடியவில்லை. சீனிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கோலி பாட்டில் கப்பலில் வருவது நின்றே போயிற்று. இப்போதெல்லாம் ஒரு பாட்டில் வெடித்தால் சாவு விழுந்த மாதிரி எல்லோரும் அதைச் சுற்றிக் கூடிவிடுகிறோம். ஆனாலும் கோரிப்பாளையம் பாலத்தடியில் நம் சோடாக் கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உன் பங்கு குறையாமல் உன் வீட்டுக்காரி ரபியாவிடம் போய்ச் சேர்கிறது. நம் இரண்டு வீட்டு உலையும் இந்த ஒரு கொட்டகையை நம்பித்தான் கொதிக்கிறது.

அந்தக் கொட்டகைக்கே போன மாதம் ஒரு சோதனை வந்தது. திருமங்கலம் பாதையில் பட்டாளத்துக்காரர்கள் முகாம் போட்டிருக்கிறார்கள். முகாமுக்கு வேண்டிய சோடா முழுவதையும் நாமே தர வேண்டும், பெரிய மெஷின் வாங்க முன்பணமும் தருகிறேன் என்று மெட்ராஸ் கான்டிராக்டர் ஒருவர் வந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இடம் தேடி நாம் அலைந்தது நினைவிருக்கிறதா? எனக்கு மேலமாசி வீதிதான் வேண்டும். கூட்டம் இருக்கிற இடத்தில் கடையைப் போடு, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வியாபார வேதம். நீ காதைக் குடைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாய்:

"மச்சான், சோடா அவென் வயித்துக்குள்ள போயிரும், அதோட நமக்கும் அதுக்கும் சோலி முடிஞ்சுச்சு. பாட்டிலு நம்மளுது. அது எம்புட்டு வெரசா வீடு திரும்புதோ, அங்கதான் நம்ம எடம்."

அதோடு விட்டாயா? சாயக்காரர் வீட்டில் கழித்துப்போட்ட நூலை வாங்கி வந்து பாட்டில் கழுத்தில் கட்டினாய். மாசி வீதிக் கடைகளுக்குப் போனவற்றுக்குச் சிவப்பு, பாலத்தடி வண்டிப்பேட்டைக்குப் போனவற்றுக்கு மஞ்சள். பிறகு, அப்போது நாம் சோடா போட்டுக்கொண்டிருந்த வாடகைக் கொல்லையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எந்த நூல் திரும்புகிறது என்று பார்த்தாய். பாட்டிலுக்குத் தாலி கட்டிய பைத்தியம் என்று உன்னைத் தெருவே சிரித்தது, அதில் என் சிரிப்புதான் பெரிது.

மஞ்சள் போன வேகத்தில் வந்தது. வண்டிக்காரர் நின்றபடி குடித்து, ஏப்பம் விட்டு, பாட்டிலை நீட்டிவிட்டு மாட்டைத் தட்டிப் போய்விடுவார். சிவப்பு ஆடி அசைந்து வந்தது. மாசி வீதிக்காரர்கள் விருந்தாளிக்கென்று வீட்டுக்கு வாங்கிப் போவார்கள்; விருந்தாளி ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் பாட்டில் அடுப்படியில் கிடக்கும். ஒரு சிவப்பு வரவே இல்லை. அதற்காக நீ எத்தனை காலம் அந்தக் கடைக்காரரைத் துளைத்தாய்! கூட்டத்தை எல்லோரும் பார்க்கிறோம். கூட்டம் குடித்துவிட்டுக் கீழே வைக்கிற பாட்டிலை உனக்கு மட்டும் யார் காட்டிக் கொடுத்தது?

பெரிய மெஷின் என்று நான் ஆசைப்பட்டபோதும் இதே கதைதான். "அண்டா பெருசா இருந்தா மட்டும் சோறு பொங்கிருமா? நெரப்ப காலிப் பாட்டிலு வேணும்ல?" என்றாய். மழைக்காலத்துக்கு நம்மிடம் இருக்கிற சின்ன மெஷினே அதிகம், சித்திரைக்கு மட்டும் போதாது, அந்தச் சித்திரையைத் திரும்பி வருகிற பாட்டில் பார்த்துக்கொள்ளும் என்றாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குத்தான் வந்தது. மணல் தெரியாத அளவுக்கு ஜனம். நம்மைவிடப் பெரிய கம்பெனிகள் உச்சிவெயிலுக்கு முன்பே கையை விரித்துவிட்டன. மெஷின் இருந்தது, கேஸ் இருந்தது, நிரப்பப் பாட்டில் இல்லை. நம் கொட்டகை வாசலில் மட்டும் கொடுத்த கை திரும்புவதற்குள் பாட்டிலும் திரும்பிக்கொண்டிருந்தது. நீ கழுவக் கழுவ நான் நிரப்பி மெஷினைச் சுற்றினேன். ஆறே நம்மிடம் வந்து குடிக்கிறதோ என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீ மட்டும் தலை நிமிராமல் "காலி! காலி!" என்று கத்திக்கொண்டிருந்தாய். "ஊருக்குக் காலின்னா போச்சுன்னு அர்த்தம் மச்சான். நமக்குக் காலின்னா வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று சாயங்காலம் சொன்னாயே, அந்தப் பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, கான்டிராக்டருக்கு வருகிறேன். ரபியாவின் சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போட மனம் வராமல் அவரை உன் வீட்டுக்கே அழைத்துப் போனேன். அவர் பெரிய மெஷினின் பெருமையை எல்லாம் சொல்லி முடித்தார். எனக்கு எச்சில் ஊறியது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சி ரபியாவின் குரல் வந்தது.

"அண்ணே, அவுகள்ட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. காலி எப்ப வரும்?"

மெட்ராஸ்காரர் முகம் சுருங்கிவிட்டது. "எந்தக் காலிப் பயலும் கேம்புக்குள்ள வர முடியாதும்மா. வாசல்ல பாரா நிக்குது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. கொட்டகைப் பக்கமே வராதவள் வாயில் உன் கேள்வி, உன் வார்த்தை மாறாமல்! உனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "தூக்கத்துலகூட அதத்தானண்ணே கேப்பாக" என்றாள்.

காலி பாட்டில் என்று விளக்கிச் சொன்னதும், "லாரி எப்போ திரும்புதோ அப்போ. மாசம்கூட ஆகலாம்" என்றார் அவர். அது போதாதா? இரண்டு லாரி ஏற்றினால் நம் பாட்டில் முழுவதும் முகாமுக்குள் முடங்கிவிடும். புதுசு வாங்கவும் வழியில்லை. பெரிய மெஷின் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, வண்டிப்பேட்டை தாகத்தோடு போயிருக்கும். இரண்டு வீட்டு உலையும் அணைந்திருக்கும்.

பெரிய மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூலையில் கிடந்த பழைய கைமெஷினை முகாம் வாசலுக்கே கொண்டுபோகிறேன். பட்டாளத்தார் நின்று குடித்து, அங்கேயே பாட்டிலைத் தந்துவிட வேண்டும். கான்டிராக்டர் முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார். சோடாவுக்கு முகாமை ஒட்டிய கப்பலூர்க் கிணற்றுத் தண்ணீரை நானே குடித்துப் பார்த்தேன், உப்பு இல்லை.

இன்னொரு சேதி. கேட்டால் நீ குதிப்பாய். மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் வெள்ளையடிக்கும்போது பரணில் ஒரு பாட்டில் கிடந்ததாம். அந்த வீட்டுக்காரர் பாலம் கடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். கழுத்தில் வெளுத்துப்போன சிவப்பு நூல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது மாப்ள. ரபியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் மடியிலேயே வைத்திருந்தாள், நானும் அது அவளிடமே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். மறுநாள் காலையில் பாட்டில் கழுவித் துடைத்துக் கொட்டகைக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு சொல்லும் வந்தது: "பரண்ல கெடந்தது போதும். நெரப்பச் சொல்லுங்க."

நாளைக்கு முகாம் வாசலில் முதல் சோடாவை அதில்தான் நிரப்புவேன். நூலை அவிழ்க்க மாட்டேன். முதல் சிப்பாய் குடித்துவிட்டு அதை என் கையில் தரும்போது, உன் காதில் விழுகிற மாதிரி கத்துவேன், இது சத்தியம்.

காலி வந்துருச்சு மாப்ள!

உன் மச்சான்,
பாலத்தடி சுப்பையா