எந்த நாற்காலி?

3 நவம்பர், செவ்வாய்

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன், முதலில் மூச்சை விடு. செல்போன் டவர் சாய்ந்து மூன்று நாளாகிறது. நல்லவேளை, எங்கள் தபால்காரர் சாயவில்லை. பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

புயல் ஓய்ந்தும் தெருவில் தொடையளவு தண்ணீர். கடைக்குள் தையல் மெஷினின் மிதிகட்டை முழுகிவிட்டது. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைப் பரணில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் சும்மா உட்கார்ந்தால் உடம்பு அரிக்குமே. எதிர்வீட்டு வெல்டரைக் கிளப்பினேன். அவர் கடப்பாரையால் நெம்ப, நான் இழுக்க, என் கடைக்கு நேரே நடுத்தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிட்டோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. சாயங்காலத்துக்குள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. யார் திறந்தது என்று தெருவுக்குத் தெரியாது, நானே என்னை மேயராக்கிக்கொண்டேன், போ.

யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று கடையிலிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு காலைக் குழிக்குள் செருகி நிறுத்தியிருக்கிறேன். அதனால் பெரிய மனுஷி மாதிரி கவலைப்படாதே.

உன் அக்கா

*

4 நவம்பர், புதன்

அன்புள்ள அக்கா,

மேயரம்மாவுக்கு வணக்கம். மூடியைத் திரும்பப் போட்டாயா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் தொடங்கும். தேங்கிய தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும். அதில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் ஒரு சிராய்ப்பு போதும், கிருமி உள்ளே போய்விடும். ஒரு வாரம் சத்தமே இருக்காது. பிறகு காய்ச்சல், அப்புறம் சிறுநீரகம். வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன், அதனால்தான் இப்படி அரிக்கிறேன். கடை வாசலைத் தாண்டாதே. ஈரத்தோடு மெஷின் மோட்டாரைப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் புயல் என்கிறார்கள். தண்ணீர் ஏறினால் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. திறந்தவளுக்கு மட்டும்தான் அது அங்கே இருப்பது தெரியும். மூடியைப் போட்டுவிட்டு எனக்கு எழுது. அதுவரை எனக்கு வேலை ஓடாது.

வால்

*

6 நவம்பர், வெள்ளி

என் அருமை வாலுக்கு,

உன் கடிதமா அது, மருத்துவச் சீட்டா? மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வெல்டர் தன் மாமனார் வீட்டுக் கூரை பறந்துவிட்டதென்று ஓடியிருக்கிறார். திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலை அதுதான், போதுமா?

தபால்காரர் பாவம். எட்டு மாதத்தில் ஓய்வு, முட்டியோ இப்போதே ஓய்வு கேட்கிறது. "கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போகட்டுமாம்மா"ன்னார். கடையில் ஸ்டூலும் பெஞ்சும் ஊறிக் கிடக்கின்றன. இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டு, டீயும் கொடுத்தேன். "உங்க தங்கச்சி கையெழுத்தைப் படிக்கிறதுக்கே எனக்குத் தனியா சம்பளம் குடுக்கணும்"ன்னு சொல்கிறார். இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். தூறல் விழுகிறது. காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடுகிறேன்.

உன் அக்கா

*

7 நவம்பர், சனி

அக்கா,

எந்த நாற்காலி?

நேற்றுத் தபால்காரரை உட்காரவைத்தாயே, அது எந்த நாற்காலி? அவர் போன பிறகு திரும்பக் கொண்டுபோய் வைத்தாயா? இதைப் படித்த கையோடு வாசலுக்குப் போய்ப் பார். தண்ணீர் ஏறியிருந்தால் நீ இறங்காதே. சத்தம் போட்டுத் தெருவில் வருகிறவர்களை நிறுத்து.

வால்

*

18 நவம்பர், புதன்

வாலு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமையே வந்துவிட்டது. ஈரமாக வந்தது. மையெல்லாம் ஓடி, "எந்த நாற்காலி" என்ற இரண்டு சொல் மட்டும்தான் மிச்சம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதேதான். சிவப்பு நாற்காலிதான்.

அன்று காலை மறுபடியும் தெருவில் முட்டியளவு தண்ணீர். நான் தெருவுக்கு முதுகு காட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று ஒரே ஒரு குரல். திரும்பினால் தபால்காரரின் தலையும் தோளும் மட்டும் தெரிகின்றன. கையை விரித்து விளிம்பில் ஊன்றிக்கொண்டதால் இடுப்போடு நின்றார். நாலு பேர் இழுத்துப் போட்டார்கள். நான் கத்திரிக்கோலும் கையுமாக வாசலிலேயே நின்றேன். கெண்டைக்கால் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தெருவே நகராட்சியைத் திட்டியது. நானும் தலையாட்டினேன்.

அவர் பையைத் துழாவி உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அப்போது கடைக்குள் இருந்த நாற்காலியைப் பார்த்தார். முன்பு குழியில் நின்றது அதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு மெதுவாக, "ஆபீஸ் படிக்கட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிறேன். வீட்லயும் அதையே சொல்றேன். நீங்க வாயைத் திறக்காதீங்கம்மா, போலீசு கீலீசுன்னு அலைய முடியாது உங்களால"ன்னார். நான் சரி என்றேன். உனக்கு என்ன சொல்ல, அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெல்டர் வந்ததும் அன்று மாலையே மூடியைப் போட்டுவிட்டோம்.

நேற்று முன்தினத்திலிருந்து அவருக்குக் காய்ச்சல். கண் ரத்தமாகச் சிவந்திருக்கிறது, காலை அசைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மழைக்கால ஜுரம் என்கிறார்கள். படிக்கட்டில் விழுந்த காயம் என்றுதான் சீட்டில் எழுதியிருக்கிறது. பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் வந்து பாக்குறீங்க"ன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வீட்டிலும் உட்கார முடியவில்லை. இரவெல்லாம் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்.

நீ எழுதிய எலிக் காய்ச்சல் இது இல்லைதானே? இல்லை என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

19 நவம்பர், வியாழன்

அக்கா,

இல்லை என்று எழுத முடியாது. நீ சொன்ன அத்தனை அடையாளமும் அதற்குத்தான். பஸ் இன்னும் விடவில்லை, இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன். தபால் வண்டி டிரைவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டாக்டருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஒன்பதாம் தேதி காயத்தோடு சாக்கடைத் தண்ணீரில் நின்றார் என்பது. அவர் உன்னைக் காப்பாற்றுவதற்காக அதை மறைக்கிறார். நீ எதற்காக மறைக்கிறாய்? இப்போதே போ. சொல்லாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

தங்கை

*

22 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வருமுன்பே போய்விட்டேன். அன்று உனக்கு எழுதியதைப் பெட்டியில் போட்டதும் வீட்டுக்குத் திரும்ப மனசு வரவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, சீட்டைத் திருத்தி எழுதிவிட்டு ஓடினார். அரை மணி நேரத்தில் ஊசி மருந்து மாறியது. ரத்தப் பரிசோதனையில் அதுதான் என்று வந்தது. இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர்.

அவர் மனைவியிடமும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவர் இமைக்கவில்லை. பிறகு நான் முன்பு கொடுத்த பழப்பையை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நேற்றுத்தான் தபால்காரர் கண் திறந்து பேசினார். "எதுக்கும்மா சொன்னீங்க? எனக்காகத்தானே அந்த நாற்காலிய எடுத்தீங்க"ன்னார்.

"நாற்காலிய உங்களுக்காக எடுத்தேன். குழிய எனக்காகத்தானே திறந்தேன்"னேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் வந்துவிட்டேன்.

டவர் சரியாகிவிட்டது. ஆனால் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நாற்காலி கடையில்தான் இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்களை அதில் உட்காரச் சொல்ல முடியவில்லை, நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

சொல்லாவிட்டால் எழுதாதே என்றிருந்தாய். சொல்லிவிட்டேன். இனி எழுதலாமா என்று கேட்கத்தான் இதை எழுதினேன். புதிதாக வந்த தபால்காரர் எங்கள் தெருவுக்குள் கால் வைக்கப் பயப்படுகிறாராம். நீ பதில் போட்டால் தபால் நிலையத்துக்கு நானே நடந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா