பதினொரு ஃபைல்களின் முதல் வரி

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. பேருந்து நிலையத்திலிருந்து நடந்ததில் செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும். ரஹ்மத்தின் குடையைத் திருப்பித் தர வேண்டும்.

பதினொரு மணிக்கு சார் கூப்பிட்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சார் என்றால் ஒரே சார்தான், என் கைடு. எங்கள் படிகங்களை அளந்து தரும் வெளிநாட்டு மையத்திலிருந்து ஆன் எழுதியிருக்கிறார், பேப்பரில் அவரும் ஓர் ஆசிரியர். எங்கள் அறுபது ரன்களில், அதாவது அறுபது அளவீடுகளில், பதினொன்றில் முன்பக்கக் கருவியும் பின்பக்கக் கருவியும் ஒத்துப்போகவில்லை, மென்பொருள் பிழையாக இருக்குமா என்று. அவர் கேட்டது கேள்வி. சார் அதைத் தீர்ப்பாக்கிவிட்டார்.

"உன் ப்ரோகிராம்லதாம்மா கோளாறு. பேப்பர்ல உன் பேர நன்றி பகுதிக்கு மாத்திடுறேன். ஆனுக்கும் சொல்லிட்டேன்."

எம்.எஸ்ஸி. பிள்ளைகள் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு வருடம். அந்தப் பேப்பரில் ஆசிரியராகப் பெயர் இல்லாவிட்டால் தீசிஸ் சமர்ப்பிக்க முடியாது. நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கோபம் தணிய, விஷயத்தை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்:

– மியூவான் என்ற துகளைப் படிகத்துக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் காந்தப்புலத்தில் அதன் சுழல் திரும்பும். இரண்டு மைக்ரோ நொடி போல உயிர். அழியும்போது ஒரு பாசிட்ரானை வீசும். முன்னால் ஒரு கருவி (மு.), பின்னால் ஒரு கருவி (பி.). எந்த நேரத்துண்டில் எத்தனை வந்தது என்று எண்ணுவதுதான் வேலை.

– மையம் தரும் மூல ஃபைல் ஒரே பொட்டலம். எண்ணிக்கை, வெப்பநிலை, காந்தப்புலம் எல்லாம் உள்ளே. நோட்பேடில் திறந்தால் கிறுக்கல்.

– அதை அப்படியே வைத்துக்கொள்வோம் என்றேன். எத்தனை முறை! சார்: "நோட்பேட்ல தொறந்தா நாலு பேருக்குப் புரியணும்."

– அதனால் ஒவ்வொரு ரன்னையும் மு., பி. என்று இரண்டு எழுத்து ஃபைலாக உடைக்க ஒரு ப்ரோகிராம். அவற்றைப் படித்து வரைய இன்னொன்று. இரண்டும் நான் எழுதியவை. இப்போது கோளாறும் என்னுடையது.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். செருப்பு இன்னும் தைக்கவில்லை, ஹாஸ்டல் செருப்போடு போனேன்.

மூல ஃபைல்கள் அறுபதையும் மறுபடி மாற்றிப் பார்த்தேன். அறுபதும் சரி. சார் கணினியில் இருக்கும் பிரதிகளில்தான் பதினொன்று தப்பு. தப்பு எல்லாம் மு.வில். பி.யில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல ஒரே ஒரு நேரத்துண்டு தள்ளி. இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், ஒன்று பிந்தினால் கணக்கு குட்டிச்சுவர்.

என் ப்ரோகிராம் தப்பு செய்தால் அறுபதிலும் செய்யும், ஆள் பார்த்துச் செய்யாது. இதைச் சாரிடம் சொன்னேன். "அப்ப கம்ப்யூட்டருக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அம்மா போனில். நட்ட சம்பாவில் தண்ணீர் நிற்கிறதாம். "வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு. பாக்க வந்த ஆபீசரு, உங்க வயலு பள்ளம்மான்னுட்டுப் போறாரு." எனக்கு இன்று இதையும் கேட்க வேண்டியிருந்தது.

நவம்பர் 6, வியாழன்

சார் மீட்டிங்கில். ரஹ்மத்தும் நானும் அவர் கணினியில் உட்கார்ந்தோம். ரஹ்மத் எனக்கு அடுத்து சேர்ந்த ஸ்காலர், நாகூர்க்காரி. தப்பான ஃபைல் ஒன்றைத் திறந்தாள். தலையில் மூன்று வரி இருக்க வேண்டும்: ரன் பெயர், வெப்பநிலை, காந்தப்புலம். நான்கு இருந்தது. முதல் வரி:

உ

பிள்ளையார் சுழி.

சார் காலையில் எதைத் தொட்டாலும் முதலில் உ. பதிவேடு, கரும்பலகை மூலை, எல்லாவற்றிலும். ஃபைல் சரிபார்த்த நாட்களிலும் அன்று திறந்த முதல் ஃபைலின் தலையில் உ, என்டர், சேவ். ஒவ்வொரு ரன்னிலும் என் ப்ரோகிராம் முதலில் எழுதுவது மு., பட்டியலிலும் அதுதான் முதலில். அதனால் பி. தப்பித்தது. சேமித்த தேதிகளைப் பார்த்தோம். பதினொரு நாள், பதினொரு உ.

என் ப்ரோகிராம் மூன்று வரியைத் தாண்டிவிட்டு எண்ணத் தொடங்கும். நான்காவது வரிக்கு இறங்கிவிட்ட காந்தப்புலத்தை முதல் எண்ணிக்கை என்று நம்பிவிட்டது. முதல் புள்ளியை நாங்கள் படத்தில் சேர்ப்பதில்லை. யார் கண்ணிலும் படவில்லை.

ரஹ்மத்: "நாங்க தலையில 786 போடுவோம்டி. நல்லவேளை, ஃபைல் என் கைக்கு வரல."

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டின் முதல் பக்கத்திலும் உ இருக்கிறது, நான் போட்டதுதான். சுழியோடு எனக்குச் சண்டை இல்லை. தன் கை பட்டிருக்குமோ என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் என் பெயரைத் தூக்கினாரே, அதுதான் ஆறவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சாரிடம் திரையிலேயே காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பது வருஷப் பழக்கம்மா இது. ஒரு ப்ரோகிராம்னா இதையெல்லாம் தாண்டிப் படிக்கத் தெரிய வேணாமா?"

பிறகு, "ஆனுக்கு இதெல்லாம் எழுதாத. சாஃப்ட்வேர்ல பிழை இருந்துச்சு, சரிபண்ணிட்டோம்னு ஒரு வரி போதும்."

"என் பேரு சார்?"

"அத அப்பறம் பாக்கலாம்."

ஆக, பிழை என்னுடையது, சரிசெய்தது நாங்கள். பெயர் அப்புறம்.

நவம்பர் 8, சனி

ஊருக்குப் போகவில்லை. செருப்பு தைத்தாயிற்று. குடை கொடுத்தாயிற்று.

ஆனுக்கு மடல். முதல் வரைவு நீளம். இரண்டாவதில் மன்னிப்பு அதிகம், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவதில் சாரைத் திட்டியிருந்தேன். நன்றாக வந்திருந்தது, அழித்துவிட்டேன்.

கடைசியில் அனுப்பியது: அறுபது மூல ஃபைல்கள், கெட்டுப்போன பதினொன்று, இரண்டு வாக்கியம். 'இங்கே இந்த ஃபைல்களின் தலையில் கையால் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. என் ப்ரோகிராம் அதைக் கண்டு நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.' யார் கை என்று எழுதவில்லை. சாருக்கும் ஒரு பிரதி.

அனுப்பியபின் டீ. பிறகு ப்ரோகிராமில் சில வரிகள் சேர்த்தேன். எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள அதை நான்தான் பழக்கியிருக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை. அம்மாவும் பக்கத்து வயல்காரர்களும் தாங்களே இறங்கி வடிகாலை வெட்டிவிட்டார்களாம்.

ஆன் பதில். அறுபதும் இப்போது ஒத்துப்போகின்றன, பெயர்ப் பட்டியல் பழையபடியே இருக்கட்டும். சாருக்கும் போயிருக்கிறது.

சார் வந்தார். நேரே கணினிக்குப் போனார். புது ரன்களில் முதல் ஃபைலைத் திறந்தார். உ. என்டர். சேவ். வரைய உத்தரவு கொடுத்தார். படம் வரவில்லை. இன்னொரு முறை கொடுத்தார்.

திரையில் சனிக்கிழமை நான் எழுதிவைத்தது: 'தலைப்பு வரிகள் மாற்றப்பட்டிருக்கின்றன. இந்த ஃபைலை ஏற்க முடியாது.'

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

"பூங்கொடி, இது ஏன் எடுக்க மாட்டேங்குது?"

"இனிமே எடுக்காது சார்."