நின்றுகொண்டே இருக்கும் மகனுக்கு

செவன் ஹில்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் சுஜீதனுக்கு,

இங்கே அம்மாவும் தங்கச்சியும் நலம். நான் குப்புறப் படுத்த நிலையில் நலம். நீ மெல்பேர்ணில் நின்ற நிலையில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும். கையெழுத்தைப் பார்த்ததும் இது தங்கச்சி சயந்தினி எழுதியது என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான் தலையணையில் நாடியை வைத்துக்கொண்டு சொல்கிறேன், அவள் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து எழுதுகிறாள். நான் கொச்சையாகச் சொல்வதை அவள் ஒழுங்கான தமிழாக்கி விடுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டாலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை அவள் விடவில்லை அல்லவா, அங்கே வாய் திறக்காமல் எழுதினாலே போதும். இதைத் தொலைபேசியில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைப்பாய், பின்னால் உன்னோடு இருக்கிற லக்சன் ஹலோ அங்கிள் என்பான். இது லக்சன் கேட்கிற விஷயம் இல்லை. அதோடு கதை சங்கடமான இடத்துக்கு வந்தால் ஓகே அப்பா, மீட்டிங் ஒண்டு இருக்கு என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்து வைத்தாலும் மேசையில் கிடக்கும்.

எனக்கு நாரியில் சின்னக் கட்டி, வெட்டி எடுத்தாச்சு என்றுதான் அம்மா உனக்குச் சொன்னாள். கட்டி சின்னனும் இல்லை, இடம் நாரியும் இல்லை. நாரிக்குக் கீழே, இடுப்பையும் தாண்டி, முதுகெலும்பு முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் சேர்கிற பள்ளத்தில். இந்த இடத்தில் சயந்தினி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சரி, உனக்கு விளங்கியிருக்கும். போன வருடம் எனக்கு நீளமான பஸ் பாதை ஒன்றைத் தந்தார்கள், அதற்குப் பிறகு அங்கே ஒரு பயறு அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வரும், நோகும், தானாக உடைந்து கொஞ்சம் கசியும், போய்விடும். போய்விட்டது என்று நான் இருக்க, திரும்ப வரும். அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தந்தாள். அதைப் பூசியதில் உள்ளாடை மஞ்சளானது, வேறு மாற்றம் இல்லை. கடைசியில் டொக்டர் இந்திரகுமாரிடம் போனேன். அவர் மனைவியும் நம் கோயிலுக்குத்தான் வருகிறவர், அந்த முகத்தை நினைத்ததும் எனக்கு உண்மை வரவில்லை, நாரி நோகுது டொக்டர் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், நாரி நோவுக்கு என்ன தேவையோ அதைச் செய்தார். நிலத்தில் மல்லாக்கப் படுத்து, முழங்காலைக் கட்டிப்பிடித்து, முன்னும் பின்னும் உருளுகிற ஒரு பயிற்சியை எழுதித் தந்தார். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். எந்த இடத்தின் மேல் உருண்டேன் என்று நீயே யோசித்துப் பார்.

உட்கார முடியாதவனுக்கு வேலையில் வேறு வழி இல்லை, பஸ்ஸை நின்றுகொண்டு ஓட்ட விடமாட்டார்கள். அதனால் மிச்ச நேரம் முழுக்க நின்றேன். நின்று சாப்பிட்டேன், நின்று செய்தி பார்த்தேன், கோயிலில் அபிஷேகம் தொடங்கி தீபாராதனை முடியும் வரைக்கும் தூணோடு நின்றேன். எல்லாரும் நிலத்தில் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்றால் கண்ணில் படும்தானே. ஒரு அன்ரி அம்மாவிடம், என்ன சிவனேஸ்வரி, உங்கட மனுசன் ஒருநாளும் இருக்கிறேல்லையே, நேத்திக்கடனோ என்று கேட்டிருக்கிறா. அம்மாவும் வேறு என்ன சொல்வாள், ஓம் என்று சொல்லிவிட்டாள். என்ன நேர்த்தி என்று அம்மா சொல்லவில்லை, அதை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, பிஸ்கட் பொதி செய்கிற இடத்துக்கு வேலைக்குப் போகிற, ஆட்களோடு கதைக்காத மகளுக்காக அப்பா கால் கடுக்க நிற்கிறாராம். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் ஆட்கள் விலகி வழி விட்டார்கள். நம் பழனிசாமி, கோயம்புத்தூர்க்காரர், பெரிய எஞ்சினியர், தன் மகனைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தி, பாத்தியாடா, அப்பான்னா இப்படி இருக்கணும், நானெல்லாம் என்னத்தடா பண்ணிட்டேன் உனக்கு என்று கேட்டார். அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். எனக்கு அப்போது குத்து நோவு, அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். அதுவும் பக்தியில் சேர்ந்துவிட்டது.

போன மாதம் பழனிசாமி குடும்பத்தின் உபயப் பூசை வந்தது. ஐயா, சங்கல்பத்துக்கு நீங்களும் எங்க கூட உக்காந்தீங்கன்னா எங்களுக்குப் பெரிய பாக்கியங்க என்று கையைப் பிடித்தார். வேண்டாம் என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார். எனக்கு வருத்தம், நோகுது, இருக்க ஏலாது என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, உட்கார்ந்தேன். நிலத்தில், சப்பாணி கட்டி. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே போனார். பாதியில் உள்ளே ஏதோ உடைந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்குச் சொர்க்கம் மாதிரி இருந்தது, பல மாதத்துக்குப் பிறகு அங்கே நோவு இல்லை. என் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துப் பழனிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். எழும்பிய பிறகுதான் வேட்டியின் பின்பக்கம் தெரிந்தது. தம்பி, குங்குமத்துக்கு மேல இருந்திட்டீர் போல என்று ஒரு அன்ரி சொன்னா. மணம் குங்குமத்தினுடையது இல்லை. கொஞ்ச நேரத்தில் குளிரத் தொடங்கியது, காய்ச்சல், பல்லோடு பல் அடித்தது. அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. நான் பின் சீற்றில் குப்புறப் படுக்க, சயந்தினிதான் கோயில் இருக்கிற மேய்ஸ் ஹில்லில் இருந்து வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினாள். வட்டச் சந்தி வந்தால் காரை நிறுத்தி எல்லாருக்கும் வழி விடுகிற பிள்ளை அன்றைக்கு ஒருவருக்கும் வழி விடவில்லை.

அவசரப் பிரிவில் பதிகிற இடத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள், நான் காய்ச்சல் என்றேன். கதிரையில் உட்காருங்கள் என்றார்கள், நின்றேன். திரும்பவும் மரியாதையாக உட்காருங்கள் ஐயா என்றார்கள், அம்மா என்னைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போது பின்னால் இருந்து சயந்தினி ஆங்கிலத்தில், அவரால் உட்கார முடியாது என்றாள். அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பிறகு எந்த இடத்தில், எப்போதிலிருந்து, இன்றைக்கு என்ன நடந்தது, எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொன்னாள். முகம் முழுக்கச் சிவந்திருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அவள் வெளி ஆள் ஒருவரோடு ஒரு முழு வசனம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான், அது என் பின்பக்கத்தைப் பற்றியதாக அமைந்துவிட்டது. என்னை உடனே உள்ளே எடுத்தார்கள்.

வெட்டிய டொக்டர் ஒரு உயரமான பெண், கட்டில் ஓரத்தில் ஒரு படம் கீறி விளக்கினா. கட்டி என்றால் எல்லாம் ஒன்று இல்லையாம். சிஸ்ட் என்பது ஒரு பை. எனக்குக் கழுத்தில் இருந்ததே, அம்மா அடிக்கடி பிதுக்குவாளே, அது தோலுக்குள் கொழுப்பு மாதிரி அடைந்த பை. பிதுக்கினால் உள்ளே இருப்பது வரும், பை அங்கேயே இருக்கும், அதனால்தான் திரும்பத் திரும்ப வந்தது. அம்மாவின் மணிக்கட்டில் உருண்டு நின்ற கட்டி மூட்டுத் தண்ணீர், அது தானாகப் போய்விட்டது. அம்மா அதைத் தன் மஞ்சள் கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள், டொக்டர் சொன்னதை இன்னும் அவள் ஏற்கவில்லை. என்னுடையது முடியால் வந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து உரசுகிற இடத்தில் உதிர்ந்த முடி ஊசி மாதிரித் தோலுக்குள் இறங்கி, உள்ளே கூடு கட்டி, சீழ் பிடிக்குமாம். புற்றுநோய் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நேரத்தோடு போனால் அந்த இடத்து முடியை மழித்து, துப்புரவாக வைத்து, தேவை என்றால் சின்னதாக ஏதும் செய்து முடிக்கலாம். நான் நேரத்தோடு போகவில்லை, அதனால் பெரிதாக வெட்டித் தைக்காமலே விட்டிருக்கிறார்கள். மேலே மூடினால் உள்ளே திரும்பச் சீழ் பிடிக்கும், அடியில் இருந்து மேலே சதை வளர்ந்து வர வேண்டும், அதற்கு வாரக்கணக்கு ஆகும். தினமும் ஒரு தாதி வீட்டுக்கு வந்து காயத்துக்குள் நாடாத் துணி மாதிரி ஒன்றைத் திணிக்கிறா. அந்த நேரம் நான் தலையணையைக் கடித்துக்கொள்வேன். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிடுவாள்.

அந்த டொக்டர்தான் கேட்டா, சில குடும்பங்களில் இது கூடுதலாக வரும், ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. மகன் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை என்றேன். என் உடுப்புப் பையோடு நின்ற சயந்தினி அதைக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே, அண்ணாவும் நிக்கிறார் அப்பா என்றாள். எனக்கு விளங்கவில்லை. தைப்பொங்கல் அன்று வீடியோவில் எல்லாரும் சோபாவில் இருக்க அண்ணா பிரிஜ்ஜில் சாய்ந்து நின்று பொங்கல் சாப்பிட்டார், அதற்குப் பிறகு எப்போது எடுத்தாலும் நிற்கிறார், கொம்பியூட்டரை உடுப்புத் தேய்க்கிற ஸ்திரிக்கை மேசையில் வைத்து வேலை செய்கிறார், இங்கே வரவில்லை என்றும் சொல்கிறார் என்றாள். நீ அம்மாவிடம், இப்ப எல்லாரும் நிண்டுதான் வேலை செய்யிறவை, அது ஹெல்த்துக்கு நல்லது என்றாய். ஒன்றரை மணித்தியால விமானத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் கிடக்கிற அப்பாவைப் பார்க்க உனக்கு நேரம் இல்லை, வேலை கூடிவிட்டது என்றாய். உனக்கு அங்கே ஒரு பெட்டை இருக்கிறது என்று அம்மா முடிவு எடுத்து அழுது, இப்போது சமாதானமாகி, பெட்டை எந்த ஊர் என்று விசாரிக்கச் சொல்கிறாள். பெட்டை இருந்தால் சந்தோஷம். ஆனால் எனக்கு விமானக் கதிரைதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் இப்போதுதான் தெரியும். கோயிலில் கதைத்ததைச் சயந்தினியும் நம்பியிருக்கிறாள். தன்னால்தான் அப்பா நிற்கிறார் என்று நினைத்து இரண்டு மாதம் என் பக்கத்தில் அவளும் நின்றாள், கால் நோகும் இரு பிள்ளை என்றாலும் உட்காரவில்லை. நான் அதைப் பிள்ளைக்கு வந்த பக்தி என்று எண்ணி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு என் பஸ் பைக்குள், நோவுக்கு நான் வைத்து உட்காருகிற, நடுவில் ஓட்டை வைத்த குஷன் ஒன்றைக் கண்டாளாம், கண்டதும் நிம்மதியாக இருந்தது என்கிறாள். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்று நான்தான் சொன்னேன். அவளுக்காக நேர்த்தி வைப்பதென்றால் நான் உட்கார்ந்துகொண்டே வைத்திருப்பேன், அவளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன், குப்புறப் படுத்தவனுக்குத் தாள் தெரியாது.

ஆகவே மகன், நான் சொல்வதைக் கேள். பிதுக்காதே, ஊசியால் குத்தாதே, லக்சனிடம் காட்டாதே, அம்மாவின் மஞ்சளைக் கேட்காதே. டொக்டரிடம் போ. ஆண் டொக்டர் வேண்டும் என்றால் அப்படிக் கேட்கலாம், ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உள்ளே போனதும் முதல் வசனத்திலேயே இடத்தைச் சொல்லிவிடு. இரண்டாவது வசனத்துக்கு விட்டால் வாய் நாரி என்றுதான் சொல்லும், நான் கண்டது. காய்ச்சலோ, சிவந்து சூடாகவோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. உனக்கு ஒன்றும் இல்லை, உண்மையிலேயே உடம்புக்காகத்தான் நிற்கிறாய் என்றால், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக நில்.

பழனிசாமி ஆப்பிள் கொண்டுவந்து பார்த்தார். அவரிடம் உண்மையை முழுக்கச் சொன்னேன். அவர், எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க, கைக்கடியில, அஞ்சு வருஷமா என்றார். டொக்டர் இந்திரகுமாரின் நம்பரைக் கொடுத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. முருகன் உன்னோடு இருப்பார், ஆனால் டொக்டரிடம் நீதான் போக வேண்டும். அடுத்த முறை நீ வீட்டுக்கு வரும்போது நாம் இரண்டு பேரும் குசினி மேசையில் எதிர் எதிராக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எனக்கு இப்போது வேறு ஆசை இல்லை.

குப்புறப் படுத்தபடி உன்னை ஆசீர்வதிக்கும்
அப்பா,
ஆனந்தராஜா.

அண்ணா, அப்பா நித்திரையாகிவிட்டார். இது நான் எழுதுவது. அவர் எழுதச் சொன்ன எல்லாவற்றையும் எழுதினேன். வருகிற ஞாயிறு பின்னேரம் உங்களை வீடியோவில் எடுப்பேன். நான் கதைக்க மாட்டேன், நீங்களும் கதைக்க வேண்டாம், ஒரு கதிரையில் உட்கார்ந்து காட்டினால் போதும். உட்கார ஏலாது என்றால் அதையும் எனக்குச் சொல்ல வேண்டாம், அப்படியே நில்லுங்கள். உங்கள் டொக்டருக்கு நான் போன் எடுத்துச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த வசனம் எனக்கு ஆங்கிலத்தில் மனப்பாடம்.

சயந்தினி