ரிப்பன் டப்பாவில் இருந்த சாவி

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. வலது முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி நான் முழு நலம். நீயும் மருமகளும் பேத்தியும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம். நான் பழைய கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று உன் அத்தை உனக்கும் உன் சித்தப்பாவுக்கும் மாடிப்படியில் எதிர்ப்பட்ட அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறாள். அது தவறு. நான் பேசியது உன் அப்பாவோடு. அதுவும் பேச்சு இல்லை, ஏச்சு. செத்தவரை ஏசுவது புத்தி கெட்டதற்கு அடையாளம் என்றால் விதவைகளில் பாதிப் பேரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியிருக்கும், அங்கே கட்டில் போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நான்கு நிமிஷம் போனில் பேசினாய். மருந்து சாப்பிட்டீங்களா என்றாய், கேஸை மூடினீங்களா என்றாய், பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, அந்த இல்லத்துல ஒரு ரூம் காலியாகுது, படிவம் அனுப்பியிருக்கேன், மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, அத்தை சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, அதற்குள் பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், நீ வைத்துவிட்டாய். படிவம் வந்து சேர்ந்தது. மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் நினைவாற்றல் என்று ஒரு கட்டம், அதற்கு நேரே குறைவு என்ற இடத்தில் நீயே டிக் அடித்து அனுப்பியிருக்கிறாய். பல வருஷத்துக்குப் பிறகு உன் கையால் எனக்கு எழுதி வந்தது அந்த ஒரு டிக்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசைப்படி எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய்.

உன் அறையை ஒழித்து வைக்கச் சொன்னாய் அல்லவா, அதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரை மூடியிருந்த துணியை எடுத்தேன். பழைய இரும்புக்காரர் புதன்கிழமை வருவதாக இருந்தார். ஒரு பொருளைக் கொடுக்கும்போது அது ஓடுமா ஓடாதா என்று சொல்லிக் கொடுப்பதுதான் முறை, அழுக்கோடு கொடுப்பதும் மரியாதை இல்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களைக் கிழிந்த துணியைக்கூடத் துவைத்து மடித்துத்தான் தானம் கொடுக்க விடுவார்கள். ஆகவே துடைத்தேன். துடைக்கும்போது திரையின் ஓரத்தில் நீ ஒட்டிய ராக்கெட் படம் பாதி உரிந்து நின்றது. இது இன்னும் எரியுமா என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். அன்று காலையிலிருந்து நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எதிர் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனதிலிருந்து இந்தத் தளத்தில் நான் மட்டும்தான். லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் அது கீழ்த் தளமா மேல் தளமா என்று இப்போது காதாலேயே சொல்லிவிடுவேன்.

டிவி ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். உனக்கு அவரைத் தெரியும், கழற்றுகிற திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவதால் ஸ்க்ரூ என்று பெயர் எடுத்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார், திருகாணியைக் கவ்வப் பல்தான் பாக்கியில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு போர்வை கனத்துக்குத் தூசி. பாட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து வேறு பாட்டரி வைத்தார். திரையில் வெளிச்சம் வந்தது, ஒரு முறை கீச்சென்று கத்தியது, கீபோர்டில் கோளாறு என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது. எந்த எழுத்தைத் தட்டினாலும் அசையவில்லை. இந்தக் காலத்துக் கீபோர்டு அதற்குப் பொருந்தாது, பழைய உருண்டை முனை வைத்தது வேண்டும் என்று எங்கெங்கோ தேடி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். மூன்று வாரம், மூன்று கீபோர்டு, ஒன்றும் நடக்கவில்லை. கைவேலை சுத்தமில்லை என்று நான் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அந்த மனிதர் திருகாணியை வாயிலிருந்து எடுத்து, "மேடம், மூணு கீபோர்டு மாத்தியாச்சு, இனி மாத்தணும்னா ஆளைத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டுத் துணியால் பெட்டியின் முகப்பைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "சும்மா கேக்குறேன், இந்த வட்டமான ஓட்டை எதுக்கு" என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு நினைவு வந்தது. அது ஓட்டை இல்லை, பூட்டு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் கீபோர்டை வேலை செய்யவிடாமல் நிறுத்த முகப்பிலேயே ஒரு பூட்டு இருந்தது. அதைப் பூட்டியது நான். சாவி என் தையல் மேசையில், டைப்ரைட்டர் ரிப்பன் வந்த தகர டப்பாவுக்குள் இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, நேரே போய் எடுத்தேன். கூடவே மடித்த ஒரு சீட்டு, என் கையெழுத்தில், "தேர்வு முடிந்ததும் பையனிடம் கொடுக்க வேண்டியது" என்று தேதி போட்டு. முப்பத்திரண்டு வருஷமாக அது டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஸ்க்ரூவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம் திட்டியதற்கு ஒரே மூச்சில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க சாரி சொல்றதை எங்க வீட்ல சொன்னா நம்பமாட்டாங்க" என்றார். இதை நான் உன்னிடம் மறைத்திருக்கலாம். படிவத்தில் நீ அடித்த டிக்குக்கு இதுவே சாட்சி என்று சொல்வாய். ஆனால் ஒன்றைக் கவனி, மறதி என்றால் அது என் நாற்பத்தாறாவது வயதில் நடந்த மறதி. அப்போது எனக்கு யாரும் இல்லம் தேடவில்லை.

சாவியைத் திருப்பியதும் கீபோர்டு உயிர் பெற்றது. அதற்குப் பிறகும் ஒரு நாள் வேலை இருந்தது, பாட்டரி செத்ததில் தன் வயிற்றுக்குள் எந்த டிஸ்க் இருக்கிறது என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள எண்களை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கொடுத்தார். இரண்டு எண்ணை அவர் தவறாகத் தட்டினார், நான்தான் கண்டுபிடித்தேன், தலைமை டைப்பிஸ்டாக இருபத்தெட்டு வருஷம் பிறர் பிழையைப் பிடித்தவள் அல்லவா. பிறகு நம் விளையாட்டு வந்தது. உனக்கு நினைவிருக்கிறதா, படமே கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து, நீ குகையில் நிற்கிறாய் என்று அது சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று நாம் தட்ட வேண்டும். நீ கட்டம் போட்ட நோட்டில் வழி வரைந்துகொண்டே, "வடக்க போங்கம்மா, கயித்தை எடுங்கம்மா" என்பாய், நான் வேகமாகத் தட்டுவேன். ஆபீஸிலிருந்து வந்து புடவை மாற்றாமல்கூட உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் நீ எனக்குக் கட்டளையிடுவாய், நான் கீழ்ப்படிவேன், நம் வீட்டில் வேறு எந்த நேரத்திலும் அது நடந்ததில்லை.

முன்பு நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்டு அது ஒரு பட்டியல் காட்டியது, பெயரும் தேதியும் மணியுமாக. அதில் அம்மா என்று நீ பெயர் கொடுத்துச் சேமித்த ஆட்டங்கள் ஒன்பது. எல்லாமே சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுக்குள். கடைசியாக ஆறு நாற்பதுக்கு. நீ மட்டும் தனியாக ஆடியதற்கு அடையாளமாக ஒன்றுகூட இல்லை. அந்த வருஷம் உன் அத்தை நம் வீட்டு நடு அறையில் தங்கியிருந்தாள், ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து, "பையன் எல்லாரும் தூங்கினப்புறம் டக்கு டக்குன்னு தட்டிட்டு இருக்கான் அண்ணி, பரீட்சை வருது, கொஞ்சம் கவனிங்க" என்றாள். நான் உன்னைக் கேட்டேன். "நான் தொடவே இல்லம்மா" என்றாய். "அப்ப பேய் வந்து தட்டுச்சா" என்று கேட்டுவிட்டு உன் கண்ணெதிரிலேயே பூட்டினேன். நீ எழுந்து போனாய். உன் அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "விடு, பரீட்சை முடிஞ்சதும் குடுத்துடு" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

பட்டியலின் அடியில் அப்பா என்ற பெயரில் மூன்று ஆட்டங்கள் இருந்தன. மூன்று வெவ்வேறு ராத்திரி, பதினொன்று ஐம்பது, பன்னிரண்டு இருபது, ஒன்று ஐந்து. பேய் யார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். மூன்றையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் அவர் முதல் அறையைத் தாண்டவே இல்லை. இருட்டுக் குகை, மூலையில் ஒரு விளக்கு இருக்கிறது என்று அது எழுத்தில் சொல்கிறது, அந்த விளக்கை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் மூன்று ராத்திரி அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தது, உடனே கோபம் வந்தது. "உங்களுக்கு வெட்கமா இல்ல? புள்ள மேல பழி விழும்போது பேப்பர் பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே, ஒரு வாய் வார்த்தை சொல்ல மாட்டீங்களா? விளக்கை எடுக்கக்கூடத் தெரியல, என்னைக் கேட்டா என்ன?" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அப்போதுதான் உன் அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மதியம் மூன்று மணி. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். மற்றதெல்லாம் உனக்கு அவள் சொன்னதுதான்.

அவளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று அவள் காதால் கேட்டது உண்மை, இன்று கண்ணால் பார்த்ததும் உண்மை. தப்பு அவள் சொன்னதை நம்பிவிட்டு நீ சொன்னதை நம்பாமல் பூட்டிய என்னுடையது. தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் நீ விடுதிக்குப் போனாய், நீயும் சாவி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. உனக்கு வயது வந்துவிட்டது, விளையாட்டு அலுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு நீ எந்த விஷயத்தையும் என்னிடம் இரண்டு தடவை சொன்னதில்லை. ஒரு தடவை சொல்வாய், நான் நம்பவில்லை என்றால் விட்டுவிடுவாய். நீ சொன்னது உண்மை. நான் நம்பவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைப் போனில் சொல்ல இரண்டு ஞாயிறு முயன்றேன், நான்கு நிமிஷத்தில் அதற்கு இடம் இல்லை. உன் அப்பாவுக்கு நம் நடுவில் வந்து உட்கார ஆசை இருந்திருக்கிறது, கேட்கத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது, இன்றைக்குத்தான் கற்றுக்கொள்கிறேன். ஆகவே கேட்கிறேன், என்னை இல்லத்துக்கு அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள். எனக்கு இந்த வீட்டில் பயம் இல்லை. பேச ஆள் இல்லை, அது வேறு. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் ஆட்டம் விட்ட இடத்திலேயே இருக்கிறது. ஆற்றங்கரையில் நிற்கிறோம், படகு அக்கரையில் இருக்கிறது, படகுக்காரனைக் காணோம், பக்கத்து மரத்தில் ஒரு மணி தொங்குகிறது. மணியை அடித்தால் அவன் வருவானா வேறு ஏதாவது வந்துவிடுமா என்று அன்று நீ யோசித்துக்கொண்டே எழுந்தாய், நாளைக்குப் பார்க்கலாம் என்றாய். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். தட்டத் தெரியாமல் இல்லை. நீ சொல்லாமல் நான் தட்டியதில்லை.

பேத்தியைக் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள். மருமகளுக்கு என் அன்பு, அவள் முதுகுவலிக்குத் தலையணையை மாற்றச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதைப் படித்த பிறகும் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதை உன் கையால் எழுதி அனுப்பு, போட்டுவிடுகிறேன், போனில் சொன்னால் போட மாட்டேன். அதோடு மணியை அடிப்பதா வேண்டாமா என்பதையும் எழுது. தாளில் எழுது. பதில் போடு.

உன் அம்மா