வெளியே உட்கார்ந்திருப்பவள்

நாள் 1. காலை 6.00
நிலாவின் தென்கோடி, பனி உருக்கும் நிலையம். ஆள் நான் ஒருத்தி. பெயர் சொர்ணத்தாய். படிப்பு ஐந்தாவது. இருபது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். கண் கூசும் வெள்ளையில் நின்று பழக்கம் என்பதால் எடுத்தோம் என்றார்கள். இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் குளிர்த்தகடு ஆறிலும் தூசி தள்ளினேன். பனி அடுப்பை ஓட்டும் அந்த இயந்திரத்தின் நினைவைத் தினமும் இந்நேரம் சிவப்புப் பொத்தானை அழுத்தி அழிக்க வேண்டும். அதோடு பதிவுகளும் அழிந்துவிடும் என்பதால் நோட்டில் எழுதச் சொன்னார்கள். எனக்குப் பிறகு வருகிறவர் படித்துக்கொள்ளவும்.

நாள் 1. காலை 6.20
இயந்திரம் பேசியது.
"குட் மார்னிங் சார். நான் டாக்டர் இசக்கியம்மாள். இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன்."
என் மகள். அவள் செத்து மூன்று வருடம் ஆகிறது.

நாள் 1. பகல் 11.00
பூமியில் இருக்கும் மேனேஜர் டென்சிங்கைக் கூப்பிட்டுக் கத்தினேன். பதில் வந்தது.
"அக்கா, கோபப்படாதீங்க. இன்டர்வியூல தலையில தொப்பி மாட்டுனோம்லா, அப்பவே மூளையைப் பிரதி எடுத்தாச்சு. ஃபாரத்துல சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போட்டிருக்கீங்க."
போட்டேன். இசக்கி பதினோரு வருடம் கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடி ஆராய்ச்சி செய்தாள். துகளும் கிடைக்கவில்லை, காலேஜ் வேலையும் கிடைக்கவில்லை. வெளியே தேடினாள். போன இடமெல்லாம் உனக்குப் படிப்பு அதிகம் என்றார்கள். கடைசியாக இந்தக் கம்பெனி. துணைக்குப் போனேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். இங்கிலீஷ் ஃபாரம், விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எழுதினேன். நாள் முழுக்க அறைக்கு வெளியே, மடியில் புளிச்சோற்றுத் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பதிலே போடவில்லை. இரண்டாம் மாதம் டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் போனைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தாள்.
டென்சிங் மறுபடி: "அவங்களுக்கு இன்னும் இன்டர்வியூ முடியலக்கா. பனி உருக்குற அடுப்பை ஓட்டுறதுதான் பரீட்சைன்னு நினைச்சு ஓட்டுறாங்க. சாயங்காலம் ஆனா சந்தேகம் வந்து அழுறாங்க, வேலை நிக்குது. அம்மா வெளிய இருக்காங்களான்னுதான் கேக்காங்க. அதுக்குத்தான் உங்களைத் தேடிப் பிடிச்சோம்."

நாள் 2. காலை 7.00
மைக்கில் பேசினேன். இசக்கி குரல் வந்தது.
"எம்மா, கதவைத் தட்டிக் கிட்டி வச்சிராத. மானம் போயிரும்."
"வெளியதாம்ட்டி இருக்கேன். என்ன கேக்கான்?"
"அடுப்பு பத்தி. பதினோரு வருசம் படிச்சதுக்கு அடுப்பு!"
"அதை நானே சொல்லிக் குடுத்திருப்பேம்லா."
சிரித்தாள்.

நாள் 10. காலை 7.00
தினமும் இதே பேச்சு. இன்றும் அதே இடத்தில் சிரித்தாள். நானும் ஒரு சொல் மாற்றவில்லை.

நாள் 12. மாலை 4.10
"எம்மா, காலையில இருந்து பசியே எடுக்கல. அடுப்புல தண்ணி சொட்டுற வேகத்தை அளந்து பாத்தேன். பூமியோட இழுப்புல ஆறுல ஒரு பங்குதான் இருக்கு. இது பூமி இல்லம்மா. நான் எங்க இருக்கேன்?"
பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.
"ரிசல்ட்டாவது வந்துச்சா?"
"இல்லட்டி."
"நாளைக்கு அந்தப் பொத்தானை அழுத்தாத. எனக்குக் கரண்டு வர்ற நீல வயரைப் பிடுங்கிப் போட்டுரு, ஒரேயடியா போயிருதேன். அழுத்துனா திரும்ப அந்த நாற்காலியில வந்து உக்காருவேன். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."
"தலைக்கு எங்கட்டி போவேன்?"
அதற்கும் சிரித்தாள். சத்தியம் பண்ணினேன்.

நாள் 13. காலை 6.00
நீல வயரைப் பிடித்தபடி நின்றேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.
"குட் மார்னிங் சார். நான் டாக்டர் இசக்கியம்மாள்."

நாள் 40. காலை 5.50
தினமும் சாயங்காலம் சொட்டை அளந்து கண்டுபிடித்துவிடுகிறாள். தினமும் கெஞ்சுகிறாள். இதுவரை இருபத்தெட்டு சத்தியம். டென்சிங் சொன்னது: "அழுகை அரைமணி நேரமா குறைஞ்சிருக்கு. சூப்பர்க்கா."

நாள் 41. மாலை 5.00
பகல் மூன்று மணிக்கு மைக்கில் சொன்னேன்.
"இசக்கி, வேலை கிடைச்சிருச்சுட்டி."
அவள் போட்ட கூச்சலில் விளக்கு மினுங்கியது. "எம்மா, என் ஹெச்.ஓ.டி.க்குப் போன் போடு. படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்னு கேட்டாருல்லா, அவருக்கு மொதல்ல சொல்லு!" ஒரு மணி நேரம் வாய் ஓயவில்லை. 4.10க்குச் சொட்டை அளந்தாள். அழுகை முன்னைவிட மோசம்.
இனித் தினமும் இந்தப் பொய்யைச் சொல்லப்போகிறேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும்.

நாள் 203. காலை 9.00
சளி சாம்பல் கரைத்தாற்போல வருகிறது. நெஞ்சுக்குள் தூசி. பத்து நாள் தாங்க மாட்டேன். நான் போனால் அவளுக்கு யார். வயர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.
டென்சிங்: "ஸ்டோர்ல அந்தத் தொப்பி ஒண்ணு இருக்குக்கா. மாட்டிக்கிடுங்க. அன்னைக்கு வெளிய உக்காந்திருந்தது வரைக்கும் வச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டிருவோம். நிலா, தூசி எதுவும் ஞாபகம் இருக்காது. அவங்க செத்ததும் உங்களுக்குத் தெரியாது. நோட்டும் வேண்டாம், நினைக்கிறதே இங்க பூமியில பதிவாயிரும். பொத்தானுக்கு வேற ஆள் அனுப்புறோம், நீங்க சந்தேகப்பட்டா உடனே அழுத்திருவாரு."
ஃபாரம் இந்தத் தடவை தமிழில் வந்தது. எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.

நாள் 1. காலை 6.00
கம்பெனி அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். இசக்கி உள்ளே இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள். மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. இந்தத் தடவை கிடைத்துவிடும்.

நாள் 1. மாலை 4.10
எனக்குப் பசியே எடுக்கவில்லை. உள்ளே யாரோ அழுகிறார்கள். என் பிள்ளை குரல்போல இருக்கிறது. எழுந்துபோய்க் கதவைத் தட்டலாம் என்று பார்க்கிறேன். எழ முடியவில்லை. குனிந்து பார்த்தால் கால் இல்லை. கதவும்

நாள் 1. காலை 6.00
கம்பெனி அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.