மாடியம்மாவின் வெங்காய சூப்

மாடியம்மா,

இன்று காலை பத்து மணிக்கு எங்கள் கட்டிடத்துப் படிக்கட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. வேறு நாளாக இருந்தால் பசித்திருக்கும். இன்று கோபம்தான் வந்தது. எனக்கு நேர்மேல் வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். எடுத்துப்போகும் வண்டி மதியம்தான் வரும் என்று அவர் மனைவி படியில் நின்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. உப்புமாவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, கீழ் வீட்டில் யாரோ வதக்குகிறார்கள்!

இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் கதவைத் திறந்தேன். வெளியே வந்ததும் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். இதே வாசனைக்காக ஒரு நாள் எங்கள் தெருவே உங்கள் மேல் கோபப்பட்டது நினைவுக்கு வந்தது.

உங்கள் நாட்டிலிருந்து உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு ஜெர்மன் மொழியில் எழுதும் அளவுக்கு நான் தேறவில்லை, அதுதான் காரணம். நீங்களும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். 'கீழ்பென்னாத்தூர்' என்று பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

திருவண்ணாமலைக்கு நீங்கள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்த சமயம். செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில், எங்கள் மாடியில் குடியிருந்தீர்கள். எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணனின் அப்பா இறந்துபோனார். தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை யார் வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. இது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிந்த விஷயமில்லை. அதனால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. பந்தல் போட்டாயிற்று, மேளக்காரர்கள் வந்தாயிற்று, பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். எங்கள் மாடியிலிருந்து கமகமவென்று வெங்காய வாசனை இறங்கி வந்தது. அழுகை ஒரு நொடி நின்றேபோனது.

"இன்னாம்மா இது? நாங்க பொணத்த வச்சினு உக்காந்துனு இருக்கோம், உங்க மாடில சமையல் நடக்குது?" என்று அண்ணன் என் அம்மாவிடம் பாய்ந்தார்.

"வெளியூருக்காரங்க, தெரியாம பண்ணிட்டாங்க, வுடுப்பா."

"வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தெருவப் பத்தி இன்னா கவலை? வாடகை குடுப்பாங்க, ஒருநாள் பொட்டிய தூக்கினு போய்டுவாங்க."

அம்மா விறுவிறுவென்று மாடியேறினார். நான் பின்னாலேயே ஓடினேன். போன வேகத்தில் அம்மா கேஸை அணைத்தார். கரண்டியும் கையுமாக நீங்கள் எதிர்வீட்டைக் காட்டி, "அவங்களுக்கு சூப்" என்றீர்கள். உங்கள் ஊரில் சாவு வீட்டுக்காரர்கள் அடுப்படியில் நிற்கக் கூடாதென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சூப் செய்து கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அதை ஆங்கிலத்தில் நீங்கள் சொல்ல, நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அந்தப் பாத்திரத்தை மூடி வைத்தார்.

"இப்ப இல்லம்மா. எடுத்த அப்புறம். நான் கீழருந்து குரல் குடுக்கறேன், அப்ப பத்த வை."

நாங்கள் திரும்பும்போது நீங்கள் கேட்டீர்கள், "நான் வாடகை மட்டுமா?" அப்போது உங்களுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் பத்துப் பதினைந்து சொற்கள்தான். தண்ணி, கரண்ட், ஜாஸ்தி, கம்மி, வாடகை. அண்ணன் கத்தியதில் அந்த ஒன்று மட்டும் உங்கள் காதில் சரியாக விழுந்திருந்தது. அம்மாவிடம் பதில் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் எடுத்து, வீடு கழுவிவிட்ட பிறகு அம்மா குரல் கொடுத்தார். அரை மணியில் துணி சுற்றிய பாத்திரத்தோடு நீங்கள் தெருவைத் தாண்டிப் போனீர்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அவர் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். பிறகு கிண்ணத்தை மறுபடி உங்களிடம் நீட்டினார். கம்மி என்பது புரிந்ததும் நீங்கள் உப்பு எடுக்க ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்து அந்தச் சாவு வீட்டிலும் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம். தெருவில் யார் போனாலும் முதலில் அணைவது மாடி அடுப்புதான். ஒருமுறை பின்தெருவில் நடந்த சாவுக்கும் நீங்கள் பட்டினி கிடக்க, "அது வேற தெரும்மா, நீ சாப்டு" என்று அம்மா இட்லியோடு மேலே ஏற வேண்டியதாயிற்று. "எங்க போறீங்க?" என்று எல்லோரும் கேட்பது ஆரம்பத்தில் உங்களுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் போலீஸ்காரர் என்று நினைப்பார்கள் என்றீர்கள். பிறகு பழகிப்போய், கேட்டவர்களை நிறுத்தி வைத்துத் தபால் ஆபீஸ், அப்புறம் வாழைப்பழம், பதினொன்றரைக்குத் திரும்புவேன் என்று முழுப் பயணத்தையும் ஒப்பிப்பீர்கள். கேட்டவர் பாவம், நகர முடியாமல் நிற்பார்.

நாலு வருடம் முன்பு நான் முதியோர் இல்லத்து நர்ஸ் வேலைக்கு இங்கே கிளம்பியபோது நீங்கள் ஒரு தாள் எழுதிக் கொடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே வாங்கி வை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டில்களைத் தொட்டியில் போடாதே, சத்தம் கேட்கும். போடாதே என்பதற்கு அடிக்கோடு வேறு. அப்படியும் வந்த இரண்டாவது மாதமே போட்டேன். கீழ் வீட்டு அம்மாள் என் கதவில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டார். எங்கள் ஊராக இருந்தால் வாசலில் நின்று கத்தியிருப்பார்கள், நானும் கத்தியிருப்பேன், மறுநாள் பேசியிருப்போம். சீட்டோடு எப்படிச் சண்டை போடுவது? போனில் உங்களிடம் அழுதேன்.

"சண்டை இல்லை அது. உன்னை அந்தக் கட்டிடத்து ஆள்னு நெனைக்கறாங்க. அதான் எழுதறாங்க" என்றீர்கள். நான் நம்பவில்லை. உங்கள் ஊரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஆடியில் நீங்கள் போனீர்கள். தூக்கத்திலேயே. காபி கொண்டுபோன அம்மாதான் பார்த்தார். உங்கள் ஆசைப்படி அங்கேயே எல்லாம் செய்ய உங்கள் தம்பி போனில் சம்மதித்துவிட்டார். ஆனால் வெளிநாட்டுக்காரர் என்பதால் காகிதங்கள் முடிய மறுநாள் மதியமாகிவிட்டது. அதுவரை உங்களை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

"யார்கிட்டயும் நான் ஒண்ணும் சொல்லலடி. ஒன்றரை நாள் ஒரு வீட்லயும் குக்கர் சத்தம் கேக்கல. கொழந்தைங்களுக்குக்கூடப் பின்தெருவுலதான் பால் காய்ச்சி வாங்கினு வந்தாங்க" என்று அம்மா போனில் சொன்னார். விசாரிக்க வந்த அதிகாரி, இவங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். கடையைப் பூட்டிவிட்டு முதல் நாள் காலையிலிருந்தே எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த மளிகைக்கடை அண்ணன்தான் எழுந்து பதில் சொல்லியிருக்கிறார்.

"நாங்கதான் சார். தெருவே இருக்கு. எழுதிக்குங்க."

அழுதேன், மாடியம்மா. அழுதுகொண்டே பெருமைப்பட்டேன். என் தெரு என்று இங்கே எல்லோரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் வேலை முடிந்துதான் அம்மாவின் போனைப் பார்த்தேன். அதற்குள் கேன்டீனில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருந்தேன். உங்களுக்காக அணையாத அடுப்பு என்னுடையது ஒன்றுதான் என்று இன்னும் உறுத்துகிறது.

இன்று கீழே போய் மணி அடித்தேன். சீட்டு ஒட்டிய அதே அம்மாள் கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். பின்னால் ஒரு பெரிய பாத்திரம். "மேல் வீட்டம்மாவுக்கு சூப். அவங்க இன்னைக்கு எங்க சமைக்கப் போறாங்க?" என்றார். கேட்க வந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டேன்.

என் ஓட்டை ஜெர்மன் மொழியில், எங்கள் ஊரில் எடுத்த பிறகுதான் அடுப்பு மூட்டுவோம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். "அப்படியா? அப்ப காத்திருப்போம்" என்று அடுப்பை அணைத்துவிட்டார். இரண்டு மணிக்கு வண்டி வந்தது. இரண்டு பேரும் படிக்கட்டில் ஒதுங்கி நின்றோம். பிறகு அவர் சூப்பைத் திரும்ப ஏற்றினார், நான் மேலே வந்து ரசம் வைத்தேன். இரண்டையும் சேர்ந்தே கொண்டுபோனோம்.

அந்தப் பெரியம்மா கதவைத் திறந்து, நீங்கள் யார் என்பதுபோல என்னைப் பார்த்தார். படியில் எத்தனையோ முறை வணக்கம் சொல்லியிருக்கிறோம், பெயர் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் கீழ் வீட்டு அம்மாள் சொன்னார்: "நம்ம வீட்டுப் பொண்ணு."

நானும் இங்கே வாடகைக்குத்தான் இருக்கிறேன், மாடியம்மா. உங்கள் கேள்விக்கு அன்று என் அம்மாவிடம் பதில் இல்லை. பதினாறு வருடம் அடுப்பை அணைத்து அணைத்து நீங்களே பதிலைச் சம்பாதித்துக்கொண்டீர்கள். அதை நான் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

பெரியம்மா ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் மொழியில் ஏதோ சொன்னார். என் காதில் அது உங்கள் குரலில், உங்கள் தமிழில் விழுந்தது. "காரம் ஜாஸ்தி."

பிறகு கிண்ணத்தை மறுபடி என்னிடம் நீட்டினார்.