கீழ் பாத்ரூம் தரை

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்தும் வெயில் குறையவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து நடந்தே புது வீட்டுக்குப் போனேன். வேங்கிக்காலில் வீடு கட்டியதில் இந்த ஒரு சௌகரியம், யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்க்கலாம்.

டைல்ஸ் வேலை முடிந்ததாம். கொழுந்தனார் பாஸ்கர் நேற்று போனில்: "வந்து பாருங்க அண்ணி, கண்ணாடி மாதிரி இருக்கு." கட்டுகிற பொறுப்பு முழுக்க அவரிடம். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி. வெளி ஆளாக இருந்தால் வாயைத் திறந்து கேட்கலாம்.

கையில் ஒரு நாணயம், ஒரு வாளி. பார்த்தவை:

ஹால் – ஜன்னல் ஓரம் தட்டினால் டொக்கு டொக்கு. அடியில் கலவை இல்லை.

சமையலறை – சுவர் டைல்ஸ் கோடு சுவிட்ச் போர்டு வரை நேர். அதற்கப்புறம் அதன் இஷ்டம்.

கதவு – வார்னிஷோடு சேர்ந்து தூசியும் காய்ந்திருக்கிறது.

பூஜை அறை – குறை சொல்ல முடியாது. சாமியிடம் மட்டும் பயம்.

கீழ் பாத்ரூம் – வயிறு எரிகிறது.

பக்கவாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு இடது கால் தரையை விட்டு எழும்புவதில்லை, இழுத்துத்தான் வைப்பார். அந்த வீட்டில் இவருக்கென்றே கட்டியது கீழ் பாத்ரூம் ஒன்றுதான். அதற்குச் சொரசொரப்பான டைல்ஸ் நானே கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தேன். அங்கே இப்போது ஹாலுக்கு வாங்கியதில் மிஞ்சிய வழவழப்பு டைல்ஸ். என்னுடையது எங்கே என்று தேடினால் போர்டிகோவில் பதித்திருக்கிறார்கள். பைக் வழுக்கி விழாது, நல்லது.

ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் இறங்குகிற சல்லடைப் பக்கம் போகாமல் நேரே வாசலுக்கு வந்து நிலைப்படி ஓரமாகத் தேங்கி நின்றது. தண்ணீர் ஓடுகிற வாட்டமும் தலைகீழ். இவர் கால் வைக்கிற இடம் அதுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆபீஸில் பாதி நாள் லீவு. பாஸ்கரும் மேஸ்திரியும் இருக்கும்போதே போய்க் கேட்டேன்.

மேஸ்திரி பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் கூரையைப் பார்த்தார். பிறகு: "ஹாலும் பாத்ரூமும் ஒரே கலர்ல இருந்தா ஒரு லுக்கு அண்ணி."

"உங்க அண்ணன் லுக்கு பாக்கவா உள்ள போறார்?"

"அந்த டைல்ஸ் அழுக்கு ஜாஸ்தி பிடிக்கும். தேய்ச்சுக் கழுவப் போறது நீங்கதானேனு பாத்தேன்."

என் மேல் கரிசனமாம். வாட்டத்தைக் கேட்டேன். "அது லைட்டா கம்மி. பால் காய்ச்சட்டும் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்." மேஸ்திரியும் உடனே தலையாட்டினார், "அப்புறம் பாத்துக்கலாம் மேடம்."

கிளம்பும்போது என் காதில் விழட்டும் என்றே பாஸ்கர் மேஸ்திரியிடம் சொன்னது: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்." கூடமே கோணல்தான் ஐயா. ஆடத் தெரிந்தவளாலும் அதில் ஆட முடியாது.

டைல்ஸ் கடைக்குப் போன் செய்தேன். அதே சொரசொரப்பு ரகம் மிச்சம் இருக்கிறதாம். எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாங்க வேண்டியது: மாவிலைத் தோரணம், பச்சைக் கற்பூரம், இவருக்குப் புது வேட்டி (ஒட்டிக்கொள்கிற மாதிரி).

ஆகஸ்ட் 21, வியாழன்

நாத்தனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார், பத்திரிகை வைக்கிற வேலைக்கு. பேச்சுவாக்கில் பாத்ரூமைப் பற்றிச் சொன்னேன். பால் காய்ச்சியதும் உடைத்துவிட்டு மாற்றிப் பதிக்கப் போகிறேன் என்றேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பால் காய்ச்சின வீட்ல ஒரு வருஷத்துக்கு கடப்பாரை படக்கூடாது, தெரியாதா உனக்கு? குடும்பத்துக்கே ஆவாது. பாஸ்கருக்குக்கூட தெரியுமே, அவன் வீட்டுக்கு நான்தான் சொன்னேன்."

அப்போதுதான் உறைத்தது. "பால் காய்ச்சட்டும் அண்ணி." சாஸ்திரம் தெரிந்தே சொன்ன வார்த்தை. இன்னும் ஒரு வாரம் இழுத்தடித்தால் போதும், அப்புறம் சாமியே அவர் பக்கம்.

கிரகப்பிரவேசம் 28. அதற்குள் உடைத்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேஸ்திரிக்குத் தினமும் போன். "நாளைக்கு வரேன் மேடம்." நாளை என்று ஒரு ஊர் இருக்கிறது போல, அங்கேயே குடியிருக்கிறார்.

இன்று இவரிடம் நேரடியாகவே சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பாஸ்கர் தட்ட மாட்டார், உங்களுக்காகத்தானே கேட்கிறேன் என்று.

"விடு. ஒண்டியா நின்னு கட்டினான். இப்ப போய் குறை சொன்னா மனசு ஒடஞ்சிடுவான்."

தம்பியின் மனசு உடையக்கூடாது. அண்ணனின் இடுப்பு உடைந்தால் பரவாயில்லை. கோபத்தில் இதை அப்படியே சொல்லியும் விட்டேன். இரவு வரை என்னிடம் பேசவில்லை.

சாம்பாரில் உப்பு அதிகம். சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சாயங்காலம் நல்ல மழை. மலை உச்சி தெரியவில்லை.

பாஸ்கர் தீர்வோடு வந்தார். சுருட்டிய பிளாஸ்டிக் மேட். "இத போட்டா போச்சு அண்ணி. இதுக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு." எல்லாரிடமும் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியாயிற்று. நாத்தனார் போனை எடுப்பதில்லை.

மேட்டைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஏறி நின்று பார்த்தேன். மேட்டோடு சேர்ந்து நானும் நகர்ந்தேன். சுவரைப் பிடித்திராவிட்டால் நாளை மறுநாள் விசேஷத்துக்கு மாவுக்கட்டோடு போயிருப்பேன்.

இனி உடைக்க நேரமில்லை. தோற்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

விடியுமுன்பே எல்லாரும் ஆஜர். ஐயர் சொன்ன நேரத்துக்குப் பசுவையும் கன்றையும் கூட்டி வந்தார்கள். வாசல் தாண்டி ஹாலில் முன்னங்கால் வைத்ததும் குளம்பு சர்ரென்று வழுக்கியது. மாட்டுக்காரர் சட்டென்று கயிற்றைப் பின்னால் இழுத்தார்.

"கால் ஒடிஞ்சிடும்ங்க. சாக்கு போடுங்க, இல்லன்னா ஓட்டிக்கினு போறேன்."

பாஸ்கர் ஓடினார். ஓடி, வெறும் சிமெண்ட் சாக்குகளை அள்ளி வந்து, தானே குனிந்து வரிசையாக விரித்தார். மாட்டுக்காக ஒருவர் பேசினார், வேலை நடந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் பொங்கியது. எல்லாரும் பாஸ்கரைப் பாராட்டினார்கள். "என்னா ஃபினிஷிங்!" நானும் சிரித்துக்கொண்டு பாயசம் ஊற்றினேன்.

இவருக்குக் காபி கொடுத்தேன், அப்படியே இருந்தது. பாயசம் தொடவில்லை. சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரும் வைத்தபடியே. என் மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் வாடகை வீட்டுக்குத் திரும்பினோம். ஆட்டோவை விட்டு இறங்கியதும் நேரே பாத்ரூம். வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார்.

"காலையிலேருந்து ஏன் ஒண்ணும் குடிக்கல?"

"குடிச்சா அங்க போவணுமே."

முகத்தைத் துடைத்துக்கொண்டு டி.வி. போட்டார். அடுப்படியில் போய் நின்றேன். எத்தனை நாளாக இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்னிடம் விடு விடு என்றார்?

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆபீஸ் போகவில்லை. வேறொரு மேஸ்திரியைப் பிடித்தேன், டைல்ஸும் கடையிலிருந்து வந்து இறங்கியது. கிளம்பும்போது இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றார்.

முதல் டைல் ஒரே அடியில் முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் மணல்.

யார் சொன்னார்களோ, பாஸ்கர் வந்துவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னா அண்ணி இது? பால் காய்ச்சி ஒரு நாள் ஆவல. குடும்பம் விளங்க வேணாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து இவர் குரல்.

"ஒடைக்கச் சொன்னது நான்டா."

பாஸ்கர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த ஒரு வரியைப் போன ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். சொந்தபந்தம் முழுக்க என்னைச் சண்டைக்காரி ஆக்கி முடித்த பிறகு வாய் திறக்கிறார். சந்தோஷப்பட வேண்டியதுதான். அழுகைதான் வந்தது. சுவர் டைல்ஸைச் சரிபார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.